ஊறுகாய் வாடை

அந்த ஐப்பசி தொடங்கியதிலிருந்து கிருஷ்ணவேணி வீட்டு வேலிக் கம்புகளில் கண்ணாடிப் பாட்டில்கள் கவிழ்ந்தே இருந்தன. ஹார்லிக்ஸ் பாட்டில், காப்பித்தூள் பாட்டில், வாய் அகன்ற ஜாம் பாட்டில் எல்லாம் இருந்தன. விளாத்திகுளம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கண்ணேறுக்குக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்திருப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்குக் காரணம் தெரியும். கடற்கரை என்கிற அவள் புருசனுக்குக் கஞ்சி ஊற்றி வைக்க, பழைய வாடை அடிக்காத ஒரு பாட்டில் வேண்டும். அந்த ஒரு பாட்டில்தான் அவளுக்கு அமையவில்லை.

பாட்டிலுக்கு அவள் வீட்டில் பஞ்சமில்லை. வருசக்கணக்கில் ஊறுகாய் போட்டு விற்றவள். கோவில்பட்டியில் பழைய பேப்பர் கடைக்காரரிடம் கீறல் விழாத பாட்டிலாகப் பொறுக்கி வாங்கி வருவாள். எலுமிச்சை, நார்த்தங்காய், கருவாட்டுத் தொக்கு என்று போட்டு நிரப்பித் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் மத்தியானம் கொண்டுபோய் வைத்தால் பொழுது சாய்வதற்குள் கூடை காலியாகிவிடும். தூக்குவாளியில் வெறும் சோறும் மோரும் கொண்டுவருகிற பெண்கள் வெஞ்சனத்துக்கு அவளைத்தான் நம்பியிருந்தார்கள்.

கொரோனா வந்த வருசம் அவளுக்கு மூக்கு போயிற்று. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, மூக்கு மட்டும் திரும்பவில்லை. மல்லிகைப்பூவும் மாட்டுச்சாணமும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. வெளியே தெரிந்தால் மூக்கில்லாதவள் போட்ட ஊறுகாயை யார் வாங்குவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. வெந்தயம் சிவப்பதைக் கண்ணால் பார்த்தாள். கடுகு அடங்குவதைக் காதால் கேட்டாள். தொக்கில் எண்ணெய் பிரிந்து மேலே வரும் நேரம் கைக்குத் தெரிந்தது. இறக்கிய பிறகு அடுத்த வீட்டுச் சீனித்தாயைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வாள். சீனித்தாய் கடற்கரைக்குச் சித்தப்பா மகள், மூத்தவள். வெளியாட்களில் அவளுக்கு மட்டும்தான் இந்தச் சங்கதி தெரியும். வீட்டில் புருசனுக்கும், புதியம்புத்தூரில் தையல் கம்பெனியில் தங்கி வேலை பார்க்கும் மகள் கிருஷ்ணப்ரியாவுக்கும் தெரியும்.

கடற்கரை ஆடு மேய்த்தவன். காலையில் ஆட்டைப் பத்திக்கொண்டு காட்டுக்குள் இறங்கினால் இடது கன்னத்தில் புகையிலையை அதக்கிக்கொள்வான். பொழுதடைந்து பட்டியை அடைக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். கன்னத்தில் உள்பக்கமாகப் புண் வந்தபோது சூட்டுக் கொப்புளம் என்றான். பல் குத்தியது என்றான். வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காமல் போனபிறகுதான் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புற்று என்று சொல்லிக் கதிர்க் கரண்டு வைத்தார்கள். ஆடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. கடைசியில் பட்டியில் முளைக்குச்சிகள் மட்டும் நின்றன. “இனி வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கம்மா” என்று டாக்டர் சொன்னதன் அர்த்தம் பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு எந்தத் தாளிப்பும் ஆகவில்லை. கருவாட்டை அடுப்பில் போட்டால் குமட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். கிருஷ்ணவேணி ஊறுகாய் அடுப்பை அணைத்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்கே வேலைக்குப் போனாள். போகுமுன் கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி மோர் ஊற்றிக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். சில்வர் டம்ளரில் கொடுத்தால் ஆணியை நக்கின மாதிரி இருக்கிறது என்றான். பிளாஸ்டிக் ஆகவில்லை. அதனால் கண்ணாடிப் பாட்டில்.

முதல் நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் பாட்டில் வைத்தபடி இருந்தது. மேலே மோர் தெளிந்து நின்றது.

“ஒரு வாய்கூடக் குடிக்கலயே.”

“வாடை அடிக்கி” என்றான். வாய் திறக்காமல் பேசுவதால் சொற்கள் பல்லுக்குப் பின்னாலேயே கிடந்து நசுங்கி வந்தன.

“என்ன வாடை?”

“ஊறுகா வாடைதான். வேற என்ன வாடை இருக்கும் இந்த வீட்டுல.”

அவள் பழக்கதோசத்தில் மூடியைத் திருகிப் பாட்டில் வாயில் மூக்கை வைத்தாள். காற்று போய் வந்தது. வேறொன்றும் இல்லை.

அன்றைக்குத் தொடங்கியது கழுவல். அடுப்புச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தாள். பிறகு கழுநீரை ஊற்றி ராத்திரி முழுவதும் ஊறவைத்தாள். மறுநாளும் கஞ்சி அப்படியே இருந்தது. ஆபீஸில் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடைக்கிறவள் கடுகை அரைத்து வெந்நீரில் கலக்கி ஊற்றச் சொன்னாள். இன்னொருத்தி ஆப்பசோடா என்றாள். பலசரக்குக் கடைக்காரர், “பேப்பரக் கசக்கி உள்ள திணிச்சு மூடி வைங்கக்கா, வாடைய உறிஞ்சிரும்” என்றார். திணித்தாள். அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து போட்டு வைத்தாள். எலுமிச்சைத் தோலும் கல்லுப்பும் போட்டு ஒரு பாட்டிலை உரசி உரசி அவள் உள்ளங்கைத் தோல் வழன்றது. வெயில் முகம் காட்டும்போதெல்லாம் வேலிக் கம்பில் கவிழ்த்தாள். மழை வந்தால் ஓடிவந்து எடுத்தாள். கரிசல் ஈரம் காலில் அப்பிக்கொண்டு அடிக்கு அடி கனத்தது.

ஒவ்வொரு தடவையும் பாட்டிலை எடுத்துக்கொண்டு சீனித்தாயிடம் போவாள்.

“மதினி, இத மோந்து பாருங்க.”

சீனித்தாய் பாட்டிலை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணை எங்கேயோ போட்டுக்கொண்டு நிற்பாள். “பாட்டிலு பரவால்லட்டி. மூடியிலதான் லேசா இருக்கு.”

மூடிக்குள் வட்டமாக வெட்டி ஒட்டியிருக்கும் அட்டைதான் எண்ணெய் குடித்திருக்கும் என்று கத்தியால் சுரண்டி எடுத்தாள் கிருஷ்ணவேணி. மூடியைக் கரிசல் மண்ணில் புதைத்து வைத்து எடுத்தாள். திரும்பவும் கொண்டுபோய்க் காட்டினாள்.

“மூடி செரியாப் போச்சு. அடியில கொஞ்சம் இருக்குமோ என்னமோ” என்றாள் சீனித்தாய். “கண்ணாடி அம்புட்டு லேசுல விடாதுட்டி. பைய பையத்தான் போவும்.”

கார்த்திகை போய் மார்கழி வந்தது. கடற்கரையின் நெஞ்செலும்பு ஒவ்வொன்றாக வெளியே வந்துவிட்டது. அவள் கையில் ஸ்பூனை வைத்துக்கொண்டு கெஞ்சினால் மட்டும் நாலு வாய் குடித்தான். அவள் ஆபீஸுக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை. சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போனார்கள். ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்த ப்ரியா, ஓவர்டைம் இருக்கிறது என்று போன் பண்ணினாள். அடுத்த வாரமும் ஓவர்டைம் என்றாள்.

சம்பளம் வாங்கிய சனிக்கிழமை கிருஷ்ணவேணி கோவில்பட்டியில் இறங்கிப் பாத்திரக் கடைக்குப் போனாள். கண்ணாடிப் பாட்டில், மூடியும் கண்ணாடி, அட்டைப்பெட்டிக்குள் வைக்கோல் மாதிரிக் காகிதம் சுற்றி இருந்தது. எந்தச் சாமானும் அதுவரை தொட்டிராத பாட்டில். மடியில் வைத்துக்கொண்டு ஊர்வந்து சேர்ந்தாள். வெந்நீரில் அலசிக் கஞ்சியை ஊற்றிக் கொண்டுபோய் வைத்தாள். கடற்கரை ஒரு வாய் குடித்தான். துணியில் துடைத்துக்கொண்டான்.

“அதே வாடைதான்” என்றான்.

“இதுலயா?”

“ம்.”

அவளுக்கு வந்த கோபத்தில் பாட்டிலைச் சுவரில் எறிந்திருப்பாள். எறியவில்லை. கஞ்சியை வாசலில் கோழிக்கு ஊற்றினாள். புதுப் பாட்டில் எப்படி நாறும்? அவனுக்கு மூளைக்குள்ளும் நோய் ஏறிவிட்டதோ என்று ஒரு பயம் வந்தது. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் காலையில் சீனித்தாய் முற்றத்தில் பாசிப்பயற்று நெற்றைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பனி இறங்கிய நெற்று கறுத்துச் சுருண்டு கிடந்தது. கிருஷ்ணவேணி பாட்டிலில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக் கிள்ளி எடுத்துவிட்டுக் கொண்டுபோய் நீட்டினாள்.

“இத மோந்து சொல்லுங்க மதினி.”

சீனித்தாய் கையை உதறிவிட்டு வாங்கினாள். முகத்துக்கு அருகில் வைத்தாள். “முன்னைக்கு நல்லாருக்கு. லேசா அந்தக் கருவாட்டு வாடை இருக்கத்தான் செய்யுது. இன்னும் ரெண்டு வெயிலு காட்டு.”

“இது நேத்துக் கடையில வாங்குனது. ஒரு வேளைக் கஞ்சியத் தவிர இதுல ஒண்ணும் ஊத்தல.”

சீனித்தாய் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். வெயில் அதற்குள் புகுந்து அவள் சேலையில் மஞ்சளாக ஒரு வட்டம் போட்டது.

“எதுக்கு மதினி பொய் சொல்லுதீங்க?”

சீனித்தாய் நெற்றுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நெற்றை எடுத்து நசுக்கினாள். பயறு தெறித்து விழுந்தது.

“பாட்டில்ல ஒண்ணும் இல்லட்டி” என்றாள். “நீ மொதல்ல கழுவுன அன்னைக்கே ஒண்ணும் இல்ல.”

“பொறவு?”

“தம்பிட்டயிருந்து வருது. அந்தப் புண்ணுலயிருந்து.”

கிருஷ்ணவேணி நின்றபடியே கேட்டாள். “எப்பருந்து?”

“தீவாளிக்கு முன்னயே லேசா இருந்துச்சு. இப்ப ரொம்ப வருது. தெருவுல போறவ மூக்கப் பொத்திக்கிட்டுதான் போறாளுவ. உனக்கு எங்க தெரியும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. நான் பைத்தியாரி மாதிரி சாம்பலத் தூக்கிக்கிட்டு அலையுதேன். நீங்க அடியில இருக்கு, மூடியில இருக்குன்னு சொல்லி அனுப்புதீங்க.”

“எப்படிட்டி சொல்லச் சொல்லுத? நான் இடுப்புல தூக்கி வளத்த பய. அவன் நாறுதான்னு என் வாயால சொல்லணுமா? அவன் பாட்டிலச் சொன்னான். நானும் பாட்டிலயே சொல்லிட்டேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “ஒருநா சொல்லிரணும்னுதான் வந்தேன். நீ அவன் தலைய மடியில வச்சு ஸ்பூன்ல ஊட்டிக்கிட்டிருந்த. என்னால நடைக்கு மேல வரமுடியல. அங்கனயே நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன். அதுக்குப் பொறவு எந்த வாயோட வந்து சொல்ல?”

“ப்ரியாவுக்கு?”

“தெரியும். போன தடவ வந்தப்ப எங்க வீட்டுக்குப் பின்னால வந்து வாந்தி எடுத்தா. பெத்த அப்பனப் பாத்துக் கொமட்டுதேன்னு சொல்லி அப்படி அழுதா. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டா.”

கிருஷ்ணவேணி குனிந்து பாட்டிலை எடுத்துக்கொண்டாள். நேராக வீட்டுக்கு நடந்தாள்.

கடற்கரை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். எப்போதும் அப்படித்தான் படுப்பான். வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்பான். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“புண்ணுதான் வாடை அடிக்காமே.”

அவன் அசையவில்லை. சுவரைப் பார்த்தபடியே, “அக்கா சொன்னாளா?” என்றான்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“என் மூக்குக்குக் கீழதான இருக்கு. எனக்குத் தெரியாதா.”

“தெரிஞ்சுக்கிட்டா பாட்டிலு மேல பழியப் போட்டீங்க? என் கையப் பாருங்க.”

அவன் திரும்பினான். அவள் நீட்டிய உள்ளங்கையைப் பார்த்தான். தொடவில்லை.

“மொதல்ல பாட்டிலுன்னுதாம்ட்டி நெனச்சேன். நெசமாவே” என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் எச்சிலைக் கூட்டி விழுங்கினான். “பொறவுதான் தெரிஞ்சிச்சு. அதுக்குள்ள நீ சோடாவும் கரியுமா அலைய ஆரம்பிச்சிட்ட. பாட்டிலு நாறுதுன்னாக் கழுவலாம். என் வாய்தான் நாறுதுன்னு சொன்னா நீ என்ன செய்வ? கழுவி வேலியில கவுத்துவியா?”

அவளுக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு போல ஒன்று வந்து போயிற்று.

“சோறும் எறங்கல” என்றான். “எதத் தின்னாலும் அந்தப் புண்ணத் தின்ன மாதிரித்தான் இருக்கு. இதச் சொன்னா நீயும் திங்கமாட்ட.”

“வேற என்னல்லாம் மறச்சீங்க?”

“ஒண்ணும் இல்ல.” எச்சிலைத் துணியில் துடைத்துக்கொண்டான். “எல்லாவனும் வாசல்ல நின்னு பேசிட்டுப் போறான். எம்மவ கால்மாட்டோட நின்னுக்கிட்டா. நீ ஒருத்திதான் பக்கத்துல ஒக்காந்து மொகத்தப் பாத்துப் பேசுத. தெரிஞ்சா நீயும் தள்ளி ஒக்காருவியோன்னு இருந்துச்சு.”

அவள் எழுந்துபோய் ஜன்னல் கதவை முழுவதும் திறந்துவிட்டு வந்தாள். அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். “தொறங்க. பாக்கணும்” என்றாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் கையை எடுக்கவில்லை. திறக்கிற அளவுக்குத் திறந்தான். உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தாள். கன்னத்தின் உள்பக்கம் என்று ஒன்று அங்கே இல்லை. வெளித்தோல் மட்டும் மெல்லிசாக நீலம் பாரித்து நின்றது. அதுவும் ஓர் இடத்தில் இற்றுப்போகத் தொடங்கியிருந்தது.

“நோவுதா?”

“நோவுதுதான்.”

அந்தத் திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. பிரசர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை கொடுக்க வீடு வீடாக வரும் நர்ஸ் சுதாராணியைப் பஸ் நிற்கும் இடத்திலேயே போய் மறித்து விசயத்தைச் சொன்னாள். கூட்டமாகப் பெண்கள் நின்றார்கள். “எங்க வீட்டு ஆளுக்குப் புண்ணு அழுகி வாடை அடிக்கி. எனக்கு மூக்கு கெடையாது. அதனால இம்புட்டு நாளாத் தெரியல” என்று எல்லார் முன்பாகவும் சொன்னாள். ஊறுகாய் வாங்கித் தின்ற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

சுதாராணி வந்து பார்த்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் கலங்கியது. உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் துணியை நனைத்து எப்படித் துடைப்பது, அழுகலுக்கான மாத்திரையைப் பொடியாக்கிப் புண்ணில் எப்படித் தூவுவது என்று செய்து காட்டினாள். வெளியே வந்த பிறகு சொன்னாள், “இது புண்ண ஆத்தாதுக்கா. வாடையக் கொறைக்கும். அவ்வளவுதான்.”

“கொறஞ்சாப் போதும்.”

குறைந்தது. நாலைந்து நாளில் தெரிந்தது. கிருஷ்ணவேணிக்குத் தெரியவில்லை. சீனித்தாய் நடையைத் தாண்டி உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததை வைத்துத் தெரிந்துகொண்டாள். கடற்கரை தன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பாசிப்பயற்றை வேகவைத்துக் கடைந்து கொண்டுவந்திருந்தாள். ஜாம் பாட்டிலில்தான் ஊற்றிக் கொடுத்தாள். அதில் முன்பு நார்த்தங்காய் இருந்தது அவனுக்கும் தெரியும். பாதி குடித்தான்.

ப்ரியா வந்தாள். அப்பா கால்மாட்டில் உட்கார்ந்து அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தையல் கம்பெனியில் நடக்கிற சண்டைகளைச் சொன்னாள். காலர் வெட்டுகிறவனும் பட்டன் வைக்கிறவளும் ஓடிப்போன கதையைச் சொன்னபோது கடற்கரை தோள் குலுங்கச் சிரித்தான். சிரித்ததில் ரத்தம் வந்தது. தையும் பிறந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு வெளியே கயிற்றுக்கட்டிலில் ஒருநாள் முழுக்கக் கிடந்தான். தூரத்தில் யாரோ ஆட்டை அதட்டுகிற சத்தம் கேட்டால் கண்ணைத் திறந்து, யார் ஆடு என்று கேட்டான்.

அவ்வளவு நாள்தான் அந்த மாத்திரைப் பொடி வாங்கிக் கொடுத்தது. தை கடைசியில் வாய் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டது. பொடி உள்ளே போகவில்லை. கன்னத்தில் ஓட்டை விழுந்து, கொடுக்கிற தண்ணீர் அது வழியாக ஒழுகியது. வாடை திரும்பவும் வந்தது. முன்னைவிட மோசம் என்று சீனித்தாய் இப்போது மறைக்காமல் சொன்னாள். வரமுடிந்த அளவுக்கு வந்தாள். சில நாள் முடியவில்லை. ப்ரியா வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவன் கையை ஆட்டி வெளியே போகச் சொன்னான். கிருஷ்ணவேணி அவன் பக்கத்திலேயே தரையில் பாய் விரித்துக்கொண்டாள்.

மாசி பிறந்த ஒரு காலை நேரம் அவள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றபோது ப்ரியா கூப்பிடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. கையால் மூடிவிட்டாள்.

அன்று வெயில் நெருப்பாக இறங்கியது. சொந்தக்காரர்கள் கழுகுமலையிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் வந்து சேர உச்சி சாய்ந்துவிட்டது. ஊதுபத்தியைக் கட்டுக் கட்டாகக் கொளுத்தினார்கள். சாம்பிராணிப் புகை போட்டார்கள். பந்தல் நிழலிலிருந்து ஆட்கள் நகர்ந்து நகர்ந்து எதிர் வீட்டுச் சுவரோரம் போய் நின்றார்கள். ஒப்பாரி சொல்ல வந்த பெண்கள் தலைமாட்டை விட்டுக் கால்மாட்டில் கூடி உட்கார்ந்தார்கள். யாரையும் குறைசொல்ல முடியாது.

மகன் இல்லாத வீடு என்பதால் சீனித்தாயின் மகன் ஜெயகிருஷ்ணன் கொள்ளிச்சட்டி தூக்கினான். குளிப்பாட்டிக் கோடி போர்த்தி, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். கன்னத்தில் துணி மஞ்சளாக ஊறியிருந்தது. வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். ஜெயகிருஷ்ணன் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நெஞ்சில் போட்டுவிட்டு நகர்ந்தான். மாமன், மச்சான், பங்காளி எல்லாரும் வரிசையாக வந்தார்கள். எட்டி நின்றபடியே போட்டார்கள். சிலர் போட்டது கோடித் துணி மேல் விழுந்தது. சிலர் போட்டது பாடையின் மூங்கிலில் பட்டு மண்ணில் சிதறியது. ப்ரியா கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். சீனித்தாய் கழுத்து வரைக்கும் கையைக் கொண்டுபோனாள். அதற்கு மேல் கொண்டுபோக முடியாமல் அங்கேயே கொட்டிவிட்டாள்.

“நேரமாச்சு. தூக்குங்கப்பா” என்றது ஒரு குரல்.

“இருங்க” என்றாள் கிருஷ்ணவேணி.

பாடை பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். அவன் நெஞ்சில் கிடந்த அரிசியை இரண்டு கையாலும் கூட்டினாள். கோடித் துணியின் மடிப்புக்குள் கிடந்ததைப் பொறுக்கினாள். மண்ணில் விழுந்ததைக்கூட ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து ஊதிச் சேர்த்தாள். தாடைக் கட்டைத் தளர்த்தி, உதட்டை விரலால் விலக்கி, உள்ளே வைத்தாள். வைத்தது கன்னத்து ஓட்டை வழியாக வெளியே வந்தது. அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மறுபடியும் வைத்தாள்.

“போதும்ட்டி வேணி” என்றாள் சீனித்தாய். “ஒரு பொட்டு உள்ள போனாப் போதும். செஞ்சதுக்குச் சமம்தான்.”

“இல்ல மதினி. எல்லாரும் அவியளுக்குப் போட்டது. அவியளுக்குப் போயிச் சேரணும்லா.”

தூக்க வந்தவர்கள் காத்து நின்றார்கள். சங்கு ஊதுகிறவன் சங்கைக் கீழே இறக்கிக்கொண்டான். கையில் இருந்தது தீர்கிறவரைக்கும் அவள் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியை இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டு எழுந்தாள்.